இரண்டு முழ நாடா

குணவதி பதிந்து கொடுத்த கசெற்றில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் ஒரு குறை பிடிக்க முடியாது என்று ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பக்கத்துத் தமிழ்ச் சனம் சொல்லும். சனம் எதையும் ஒரு பங்கு கூட்டித்தான் சொல்லும். இந்த விஷயத்தில் மட்டும் உள்ளதைச் சொன்னது.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. அருள்நாயகத்தின் வீடியோக் கடை பிளாசாவின் கடைக்கோடியில், சலவைக்கடைக்கும் டோனற் கடைக்கும் நடுவில் ஒடுங்கிப்போய்க் கிடந்தது. முன்பக்கத்தில் தமிழ்ப் படமும் ஹிந்திப் படமும் வாடகைக்கு. பின்பக்கத்தில், ஒரு பலகைத் தட்டிக்கு அப்பால், இரண்டு டெக், ஒரு அம்பிளிபயர், ஒரு ஹெட்போன், இவற்றுக்கு நடுவில் குணவதி. ஆட்கள் துண்டுச் சீட்டில் பாட்டுகளை வரிசையாக எழுதிக்கொண்டு வருவார்கள். அவள் அந்த வரிசையிலேயே பதிந்து கொடுப்பாள். இரண்டு பாட்டுக்கு இடையில் ஒரு மூச்சு விட இடம் விடுவாள். ஒன்றரை மூச்சாகிவிட்டால் திரும்பவும் முதலில் இருந்து பதிவாள். யாழ்ப்பாணத்தில் அண்ணனின் றெக்கோடிங் பாரில், பாட்டுப் பதிந்து விற்கிற கடையில், நின்று பழகிய கை அது. எண்பத்தெட்டில் கணவன் ஸ்ரீதரனோடு கனடாவுக்கு வந்தபோது அவள் கொண்டுவந்த ஒரே சொத்தும் அந்தக் கைதான்.

பாட்டுப் பதிகிறவர்கள் ரொறன்ரோவில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். குணவதிக்குப் பேர் வந்தது வேறு வேலையால். அந்தக் காலத்தில் ஊரிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகக் கசெற் வரும். தாயும் தகப்பனும் பேசி அனுப்புவார்கள். இங்குள்ளவர்கள் கேட்டுவிட்டு, அதற்கு மேலேயே தங்கள் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். ஒரே கசெற் நாடா தேயும்வரை போய்ப் போய் வரும். அதனால் பதில் பதிவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளச் சிலர் கடைக்கு வந்தார்கள். அப்படி வந்த ஒரு பெண்தான் முதலில் கேட்டாள்.

"அக்கா, எனக்கு அம்மான்ர குரல் மட்டும் போதும். பின்னால கேக்கிற ஷெல் சத்தத்தை எடுத்துப்போட ஏலுமோ? பொடியன் கேட்டிட்டுச் சாப்பிடாமல் குந்தியிருக்கிறான்."

ஏலும் என்றாள் குணவதி. ஷெல் விழும்போது பதிவை நிறுத்தி, அடங்கியதும் தொடங்கி, தாயின் பேச்சை ஒட்டு தெரியாமல் ஒட்டிக் கொடுத்தாள். அந்தப் பெண் கடையிலேயே நின்று கேட்டுவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதன்பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஷெல்லை எடுத்தாள், ஹெலிகொப்டரை எடுத்தாள், நாய் குரைப்பதை எடுத்தாள், பக்கத்து வீட்டுச் சண்டையை எடுத்தாள். புண்ணியம் செய்கிறேன் என்றுதான் அவள் நினைத்தாள். அது புண்ணியம்தான், அதை நானும் மறுக்கமாட்டேன்.

தன் தாயின் கசெற்றுக்கும் அதையே செய்தாள். மகள் கனடாவுக்கு வந்தபிறகு தாய்க்கு நெஞ்சில் நோய் வந்தது. இரண்டு வசனத்துக்கு ஒரு முறை இருமுவார். அந்த இருமலைக் கேட்க குணவதியால் முடியவில்லை. இருமல் தொடங்கியதும் ஒரு விரல் பதிவை நிறுத்தும், மற்றக் கை சத்தத்தை அடியோடு குறைத்துவிடும். டெக்கில் சத்தத்தின் அளவைக் காட்டித் துடிக்கிற ஊசி அடங்குவதைக் கண்ணால் பார்த்துத்தான் மறுபடி தொடங்குவாள். பிறகு பிரதியை வைத்துக்கொண்டு, தாய் அனுப்பிய கசெற்றிலேயே பதிலைப் பதிந்து ஊருக்கு அனுப்பிவிட்டாள். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமிக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது தாயும் நடந்தார். சாவகச்சேரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினொரு நாள் இருந்தார். பிறகு இல்லை.

சித்திரை மாதத்தில் சுஹூரா வந்தாள்.

வருவதென்றால் புதிதாக வரவில்லை. இரண்டு வருடமாகக் கிழமைக்கு ஒரு ஹிந்திப் படம் வாடகைக்கு எடுக்கிறவள்தான். கிழக்காபிரிக்கக் கரையிலுள்ள சான்சிபார்த் தீவுக்காரி, ஐம்பது தாண்டிய நெடிய பெண், முதியோர் இல்லமொன்றில் வேலை. கனத்த குளிர்ச்சட்டைக்கு மேலேயும் பூப்போட்ட ஒரு துணியைத் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு வருவாள். அன்றைக்குப் படம் வேண்டாமென்று, கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கற் ரின்னை எடுத்தாள். அதற்குள் ஒரு கசெற், பட்டுத் துண்டில் சுற்றியிருந்தது.

இருவருக்கும் நடுவில் இருந்தது கொஞ்ச ஆங்கிலம்தான். அதை வைத்து சுஹூரா சொன்னாள்: இது எங்கள் ஊர்ப் பாட்டு, தாரப் என்போம். சுவாஹிலியில் பாடுவது. எழுபத்தொன்றில் ஒரு கலியாண வீட்டில் பதிந்தது. இப்போது நாங்கள் ஆறு பேர் எங்கள் கட்டடத்துப் பார்ட்டி ரூமில் ஞாயிறு பின்னேரம் கூடிப் பழகுகிறோம். ஒருவர் ராக்ஸி ஓட்டுகிறார், ஒருவர் பேக்கரி, நான் முதியோர் இல்லம். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டு ஒன்றும் தெரியாது. ஆகஸ்டில் மண்டபம் எடுத்து ஒரு விழா வைக்கப்போகிறோம். எல்லோரும் வீட்டில் கேட்டுப் பழக இதில் ஆறு பிரதி வேண்டும். நாடா கசங்கிப் போயிருக்கிறது, வேறு யாரிடமும் கொடுக்கப் பயம்.

"பயப்படாதேங்கோ அன்ரி" என்று முன்னாலிருந்து அருள்நாயகம் ஆங்கிலமும் தமிழும் கலந்து கத்தினான். அவனுக்கு உலகத்துப் பெண்கள் எல்லோரும் அன்ரிதான். "எங்கட அக்கா எந்தக் கசெற்றையும் சுத்தமாக்கிப்போடுவா."

எதையும் வெட்டவேண்டாம் என்று சுஹூரா சொல்லவில்லை. அப்படி ஒன்றைச் சொல்லவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

குணவதி ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டாள். வயலின், அக்கோடியன், ஏதோ ஒரு நரம்பு வாத்தியம், கீழே மெல்லிய மேளம். ஒரு பெண் பாடினாள். விளங்காவிட்டாலும் யாரோ யாரையோ குத்திக்காட்டுகிற பாட்டு என்பது குரலிலேயே தெரிந்தது; அந்தக் குரல் எந்த ஊரிலும் ஒன்றுதான். நாலாவது நிமிடத்தில், ஒரு அடி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன், பாட்டு நின்று ஒரே இரைச்சலாக வந்தது. அந்த இடத்தில்தான் நாடாவும் மோசமாகக் கசங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் உருளையில் போய்ச் சுற்றிக்கொண்டது. அவள் எடுத்து, நகத்தால் நீவி, பென்சிலால் சுற்றி, மறுபடி ஓடவிட்டாள். காப்பாற்றுகிற அளவுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஐந்து தரம் கேட்டாள். சனத்தின் கலகலப்பு. கால் சத்தம். வளையல்கள். ஒரு பெண்ணின் சிரிப்பு, எங்கோ உள்ளிருந்து ஓடிவருகிற மாதிரி. அந்தச் சிரிப்புக்குள்ளேயே இரண்டு சொல்: "நிசுபிரி, நாகுஜா!" பிறகு ஏதோ பித்தளை விழுந்து உருண்டது. பிறகு பாட்டு.

இரைச்சல் என்று முடிவுகட்டினாள். மறுபக்கத்தில் ஒன்றும் பதிந்திருக்கவில்லை, ஆகவே வெட்டினால் எதுவும் கெடாது. நகம் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து இரண்டு இடத்தில் வெட்டி, முனைகளைச் சேர்த்து ஒட்டினாள். வெட்டிய துண்டு இரண்டு முழம் இருக்கும். விரலில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள். பாட்டு இப்போது ஒரு அடியிலிருந்து அடுத்த அடிக்கு வழுக்கிக்கொண்டு போனது. தன் கைவேலையைத் தானே மெச்சி இன்னொரு தரமும் கேட்டாள்.

மூன்றாம் நாள் சுஹூரா திரும்பி வந்தாள். அன்று காலையில் பிரதிகளை வாங்கிக்கொண்டு போனவள், மத்தியானமே வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. தட்டிக்குப் பின்னால் வந்து, வாடிக்கையாளர் இருக்கக் கூடாத இடத்தில், குணவதியின் பக்கத்தில் இருந்த பெட்டியில் உட்கார்ந்தாள்.

"என் தங்கை எங்கே?" என்று கேட்டாள்.

குணவதிக்கு விளங்கவில்லை. சுஹூரா நிதானமாக விளங்கப்படுத்தினாள். தாரப் பாட்டை நாங்கள் சும்மா உட்கார்ந்து கேட்பதில்லை. உனக்கு வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றைப் பாட்டில் ஒரு வரி சொல்லிவிட்டால், நீ எழுந்து ஆடிக்கொண்டே போய்ப் பாடுகிறவள் கையில் ஒரு தாள் காசு வைக்கவேண்டும். அது உன் வரி என்று ஊருக்குத் தெரியும். யாரைப் பற்றி என்பதும் தெரியும். என் தங்கை மைமூனா எந்தக் கலியாணத்திலும் அந்த ஒரு அடிக்குத்தான் எழும்புவாள். சமையல்கட்டில் நின்று வேலை செய்வாள். ஆகவே எப்போதும் பிந்திவிடும். அங்கிருந்து கத்திக்கொண்டே ஓடி வருவாள். பாடுகிறவர்களும் அவளுக்காகப் பாட்டை நிறுத்தி வைத்திருப்பார்கள்.

"பாட்டு எங்கள் எல்லோருக்கும் தெரியும்" என்றாள் சுஹூரா. "அதை நான்கூடப் பாடுவேன். நான் பத்திரமாக வைத்திருந்தது அந்த இடைவெளியை. அடுத்த வருடம் நான் முதல் படகில் தீவைவிட்டுத் தப்பி வந்தேன். அவள் அடுத்த படகில் ஏறினாள். அது வந்து சேரவில்லை. அவளுடைய படம்கூட என்னிடம் இல்லை. அந்த இருபது நொடிதான் இருந்தது."

குணவதி எழுந்து கூடையைப் பார்த்தாள். கூடை வெறுமையாக இருந்தது. பின்கதவைத் திறந்துகொண்டு, சப்பாத்துக்கூடப் போடாமல், பிளாசாவின் பெரிய குப்பைத் தொட்டிக்கு ஓடினாள். அன்று காலைதான் லொறி வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. ஈரத் தரையில் வெறும் காலுடன் நின்றபோது உண்மையைச் சொல்லத்தான் நினைத்தாள். உள்ளே வரும்போது அருள்நாயகம் தட்டியோரம் நின்றான், வெளியே இரண்டு தமிழ்ச் சனம் படம் எடுக்க நின்றது. இத்தனை வருடப் பேர். வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது.

"அந்த இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நாடா செத்துப்போய் இருந்தது. வெறும் இரைச்சல்."

"ஒன்றுமே?"

"ஒன்றுமே இல்லை."

சுஹூரா டெக்கைப் பார்த்தாள். தேய்ந்துவிடும் என்ற பயத்தில் பத்து வருடமாகத் தான் அதைப் போட்டுக் கேட்கவே இல்லை என்றாள். "அப்படியானால் அவள் முந்தியே போய்விட்டாள்" என்று சொல்லிவிட்டு, பிஸ்கற் ரின்னை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

வெட்டியது பிழை. சொன்னது பாவம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குணவதிக்கு அன்று பின்னேரமே விளங்கியது. நூற்றுப்பதினாறாம் நம்பர் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, பஸ் நிறுத்தத்தில் நின்று இரைச்சல் அடங்கிய ஒரு கணத்தில், காதுக்குள் அந்தச் சிரிப்பு கேட்டது. நிசுபிரி, நாகுஜா. திரும்பிப் பார்த்தாள். பின் சீற்றில் ஒரு சீனக் கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அது விடவில்லை. எங்கே ஒரு சத்தம் நின்று அடுத்தது தொடங்குகிறதோ, அந்த இடுக்கில் மைமூனா வந்து நின்றாள். சலவை மெஷின் சுற்றி முடிந்து நிற்கும்போது வந்தாள். லிஃப்ற் கதவு மூடும்போது வந்தாள். குக்கர் ஆவி அடங்கும்போது வந்தாள். எப்போதும் ஓடிவருகிற சிரிப்பு, எப்போதும் அதே இரண்டு சொல், பிறகு உருளும் பித்தளை. அவள் வந்து சேர்ந்ததாக மட்டும் ஒருநாளும் இல்லை. குணவதிக்குச் சுவாஹிலியில் வேறு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அந்த இரண்டு சொல்லின் ஏற்றமும் இறக்கமும், நடுவில் மூச்சு வாங்குவதும், கடைசி எழுத்தில் குரல் கொஞ்சம் கிழிவதும் அவளுக்கு அத்துப்படி. ஐந்து தரம் கேட்ட கைகாரி அல்லவா. உலகத்திலேயே அந்தக் குரலைக் கடைசியாகக் கேட்டவள் தான்தான், அதைக் கேட்கவேயில்லை என்று சொன்னவளும் தான்தான் என்று நினைக்கும்போது அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வேலையிலும் மண் விழுந்தது. இரண்டு பாட்டுக்கு நடுவில் இருக்கும் வெறுமையில் அந்தக் குரல் வந்து நிற்கும். அது முடியட்டும் என்று அவள் விரல் காத்திருக்கும். கசெற் வாங்கிய சனம் முணுமுணுத்தது.

"என்னக்கா, பாட்டுக்குப் பாட்டு இடையில லொறி திருப்பலாம் போலை கிடக்கு?" என்றான் அருள்நாயகம்.

"டெக் பழசு தம்பி."

"டெக் பழசோ, நீங்கள் பழசோ" என்று சிரித்தவன், அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

ஸ்ரீதரனுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில் கார்ச் சாமான் செய்கிற பக்ரறியில் வேலை. மெஷின்களுக்கு நடுவில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வருகிற மனிதனுக்கு வீட்டில் நிசப்தம் வேண்டும். குணவதியோ ரேடியோவையும் டிவியையும் ஒன்றாகப் போட்டுவைக்கத் தொடங்கினாள், இடைவெளி வரக்கூடாதென்று.

"இஞ்சரப்பா, உமக்கு என்ன பிடிச்சிருக்கு? பேயறைஞ்ச மாதிரி இருக்கிறீர். கோயிலுக்குப் போய் ஒரு நூல் கட்டுவமோ?"

"ஓம், கட்டுவம்" என்றாள். நூலும் கட்டினார்கள். ஐயர் மணியை அடித்து நிறுத்தினார். அந்த இடைவெளியிலும் மைமூனா ஓடி வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீதரன் ஓவர்டைம் போன நேரம், குணவதி தான் பிரதி எடுத்து வைத்திருந்த தாயின் கசெற்றைப் போட்டாள். செத்த செய்தி வந்த பிறகு அதைத் தொட்டதே இல்லை. தாய் பேசினார். சுகம் கேட்டார், அயலைச் சொன்னார், வேலியடைத்ததைச் சொன்னார். நிற்காமல் சொன்னார். ஒரு இடத்திலும் மூச்சுவிடாமல், ஒரு இடத்திலும் தடக்காமல், வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி சொல்லிக்கொண்டே போனார். குணவதிக்குப் பயமாக இருந்தது. அம்மா தன் சீவியத்தில் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை. இது யாரோ. அம்மாவின் குரலைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ சோபாவுக்கு எதிரே இருந்து பேசுவது போல இருந்தது. அவள் டெக்கை நிறுத்திவிட்டு வாய்விட்டு அழுதாள். இத்தனை பேருக்கும் தான் சுத்தமாக்கிக் கொடுத்தது இதைத்தானா என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

ஆனி மாதத்தில் சுஹூரா கடைக்கு வந்தாள். கோபமாக வந்திருந்தால் குணவதி தப்பியிருப்பாள். அவள் ஒரு தட்டில் ஏலக்காய் மணக்கும் அல்வாவும் விழா நோட்டீசும் கொண்டு வந்தாள். நோட்டீசை ஜன்னலில் ஒட்டச் சொன்னாள். பிறகு தட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "நீயும் வரவேண்டும். கசங்கிய நாடாவிலிருந்து பாட்டையாவது காப்பாற்றித் தந்தது நீதானே" என்றாள். அந்த அல்வா குணவதியின் தொண்டையில் இரண்டு நாள் நின்றது. சொல்லிவிடவேண்டும் என்று சுஹூராவின் கட்டடத்து வாசல்வரை மூன்று தரம் போனாள், மூன்று தரமும் அழைப்பு மணியை அழுத்தாமலே திரும்பினாள். சொல்வதென்றால் எதைச் சொல்வது? உன் தங்கை உயிரோடு இருந்தாள், நான்தான் கத்தரித்தேன் என்றா?

விழா ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஸ்ரீதரனையும் இழுத்துக்கொண்டு போனாள். சமூக மண்டபம் ஒன்றின் நாலு சுவரிலும் சுஹூரா தோளில் போடுகிற மாதிரியான துணிகள் விரித்துத் தொங்கின. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வரி எழுத்து அச்சடித்திருந்தது. வாய் சொல்லத் தயங்குவதைத் துணி சொல்லும் என்று வாசலில் நின்ற பெண் விளங்கப்படுத்தினாள். செதுக்கிய கதவுத் துண்டொன்று, கூர்மூக்குக் கோப்பிச் சட்டிகள், பாய்கள், எல்லாவற்றையும் மேசைகளில் அடுக்கியிருந்தார்கள். இருநூறு பேர்வரை இருந்தார்கள். மேடையில் ராக்ஸி ஓட்டுகிற முதியவர் மடியில் ஊத் வைத்திருந்தார், குடத்துக்குக் கழுத்து முளைத்தது போன்ற வாத்தியம். கசெற்றில் கேட்ட நரம்பு வாத்தியம் அதுதான் என்று குணவதி கண்டுகொண்டாள். மேடை ஓரத்தில் ஒரு றெக்கோடர் சிவப்பு விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது.

நாலைந்து பாட்டுக்குப் பிறகு சுஹூரா பாட எழுந்தாள். அந்தப் பாட்டு. முதல் வயலின் இழுப்பிலேயே குணவதி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். ஒவ்வொரு வரிக்கும் யாராவது எழுந்து, தோளை மெல்ல அசைத்துக்கொண்டு போய், சுஹூராவின் கையில் ஒரு தாளை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். சிரிப்பும் குலவையுமாக இருந்தது. நாலாவது நிமிடம். அந்த அடி முடிந்தது.

சுஹூரா நிறுத்தினாள்.

ஒட்டிய கசெற்றில் இல்லாத இடைவெளியை அவள் பாட்டில் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தாள். வயலின் ஓய்ந்தது, மேளம் மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. ஊர் வழக்கம் தெரிந்தவர்கள் ஒருவரும் எழும்பவில்லை. அது மைமூனாவின் இடம். பின்னால் இருந்த ஒரு குழந்தை எதையோ கேட்க, தாய் அதன் வாயைப் பொத்தினாள். சுஹூரா யாரையும் பார்க்காமல், மண்டபத்தின் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலு மாதமாகக் காதுக்குள் ஓடிவந்துகொண்டிருந்தவள் இப்போது தொண்டைக்கு வந்துவிட்டாள் என்று குணவதிக்குத் தெரிந்தது. ஸ்ரீதரன் கையைப் பிடித்தான். உதறிவிட்டு எழுந்தாள். முதலில் சிரிப்பு வந்தது, அது அவளுடைய சிரிப்பல்ல. "நிசுபிரி, நாகுஜா!" மூச்சு வாங்கின இடத்தில் மூச்சு வாங்கி, கிழிந்த இடத்தில் கிழிந்து, அப்படியே வந்தது.

ஊத் வாசித்தவரின் கை நின்றது. முன்வரிசையில் இரண்டு வயோதிபப் பெண்கள் எழுந்து பின்னால் திரும்பி, சேலை கட்டிய ஒரு தமிழ்ப் பெண்ணைக் கண்டு, திரும்ப உட்காரத் தெரியாமல் நின்றார்கள். சுஹூராவின் முகம் சாம்பல் பூத்திருந்தது. குணவதி கால் தடக்கத் தடக்க நடந்து போனாள். கைப்பையில் இருந்த தாளை எடுத்து நீட்டினாள். சுஹூரா தாளை வாங்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த அடியை எடுத்து, பாட்டு முடியும்வரை விடாமல் பாடினாள்.

பாட்டு முடிந்ததும் அப்படியே இழுத்துக்கொண்டு வெளியே போனாள். கார்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. படியில் இருவரும் இருந்தார்கள்.

"ஒன்றும் கேட்கவில்லை என்றாய்."

"பொய் சொன்னேன். எல்லாம் கேட்டது. இரைச்சல் என்று நினைத்து வெட்டினேன். பிறகு பயத்தில் பொய் சொன்னேன்."

சுஹூரா அடிப்பாள் என்றே குணவதி நினைத்தாள். அடித்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பாள். சுஹூரா பிடித்த மணிக்கட்டை விடவில்லை. பிறகு, "சொல்" என்றாள். "முதலிலிருந்து."

குணவதி சொன்னாள். முதலில் கால் சத்தம், மூன்று நாலு பேருடையது. வளையல், ஒரு கையில் மட்டும். சிரிப்பு, எங்கோ உள்ளிருந்து. அந்தச் சொல். பிறகு பித்தளை விழுந்து உருண்டது, ஒன்று பெரிது, இரண்டு சிறிது.

"கோப்பித் தட்டம்" என்றாள் சுஹூரா. "என் மாமியாருடையது. மைமூனா அதை இடித்துக்கொண்டு வந்தாள். நெளிந்துபோய்விட்டது என்று மாமியார் ஒரு மாதம் ஏசினார்." சிரிக்கத் தொடங்கியவள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். துணிக்குள்ளிருந்தே, "இன்னொரு தரம்" என்றாள். குணவதி சொன்னாள். ஏழு தரம் சொல்ல வைத்தாள்.

"அதற்கு என்ன கருத்து?" என்று கடைசியில் கேட்டாள் குணவதி.

"எனக்காக நில், வந்துகொண்டிருக்கிறேன்."

உள்ளே அடுத்த பாட்டு தொடங்கி முடிந்தது. முடிந்த பிறகு ஒரு வெறுமை வந்தது, நாலு மாதத்தில் முதல் தடவையாக அதில் ஒருவரும் ஓடி வரவில்லை.

"உள்ளே ஓடுகிற கசெற்றை நீதான் பிரதி எடுக்கவேண்டும்" என்றாள் சுஹூரா. "கதிரை இழுக்கிற சத்தம், குழந்தை அழுகை, ஒன்றையும் தொடக்கூடாது." கண்ணைத் துடைத்துக்கொண்டு, குணவதியின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "வேறு யாரையும் இப்படி வெட்டினாயா?"

"என் அம்மாவை. அவருடைய இருமலை."

"அம்மா இருக்கிறாரா?"

"இல்லை."

"அப்படியென்றால் என் தங்கையைத் தந்தது போல அவரையும் தா" என்றாள் சுஹூரா, ஒரு சின்ன விஷயத்தைக் கேட்பது போல. "எப்படி இருமுவார்? நான் கேட்கிறேன்."

குணவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தெரியாத மொழியில், தெரியாத பெண்ணின் குரலை மூச்சு பிசகாமல் எடுத்த தொண்டைதானே. கண்ணை மூடித் தேடினாள். டெக்கின் ஊசி தெரிந்தது. சிவப்புக் கோட்டைத் தாண்டித் தாண்டித் துடிக்கிற ஊசி, மெல்ல அடங்கி விழுவது தெரிந்தது. சத்தத்தை அடியோடு குறைத்திருந்த தன் கை தெரிந்தது. இருமல் மட்டும் கேட்கவில்லை. அவள் வாயைத் திறந்து இருமினாள். அது அவளுடைய இருமல்தான். மறுபடியும் இருமினாள். மறுபடியும் அவளுடையதே வந்தது.

சுஹூரா அவசரப்படுத்தவில்லை. மணிக்கட்டை விடாமல் பக்கத்திலேயே இருந்தாள். குணவதி இருமிக்கொண்டே இருந்தாள்.